பரிசில் எவர்க்கு? – பழைய மாணவர் நிதியும் தொழிற்கல்வியும்

ஒரு சமுதாயம் எவரைத் தன் மக்களெனப் பெருமையுடன் உரிமை கொண்டாடுகின்றது, எவரைக் கண்டும் காணாதது போல் விட்டுவிடுகின்றது என்பதை அறிவதற்கு அதன் பாடசாலைகளின் பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரலை ஒருமுறை வாசித்தாற் போதுமானது. மருத்துவ பீடத்துக்குத் தெரிவானோர், பொறியியற் பீடத்துக்குத் தெரிவானோர், முகாமைத்துவ, கலைப் பீடங்களுக்குத் தெரிவானோர் என்ற வரிசையிற் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவ்வரிசை முடிந்ததும் பட்டியலும் முடிந்துவிடுகின்றது. அதே வகுப்பறையில் அதே வாங்கில் அமர்ந்து பயின்று, பின்னர் மின்னிணைப்புத் தொழிலோ, உலோக ஒட்டுத் தொழிலோ, மேசன் வேலையோ, வாகனத் திருத்தமோ கற்கச் சென்றவனுக்கு அப்பட்டியலில் இடமில்லை. பல்கலைக்கழகம் புகுந்தவனைப் பாடசாலை 'உருவாக்கியது' என்பர். தொழில் கற்கப் போனவன் 'படிப்பை விட்டவன்' ஆகிவிடுகிறான். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள அநீதி வெறுஞ் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. அது பணமாகவும் பதவியாகவும் மதிப்பாகவும் மாற்றமடைகின்றது. பழைய மாணவர் சங்கங்களின் புலமைப்பரிசில் நிதிகளை ஆராயும் எவரும் இதனை எளிதில் உணர்வர்.

இலங்கைத் தமிழர் மத்தியிற் பாடசாலைக்குக் கொடுத்தல், கோயிலுக்குக் கொடுத்தலுக்கு அடுத்த புண்ணியமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் ஏனைய திணைக்களங்களிலும் கடமையாற்றியோர் தம் ஊர்ப் பாடசாலைகளை மறந்தாரல்லர். 1983 இன் பின்னர் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தோர் அம்மரபைப் பன்மடங்கு பெருக்கினர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கிளைச் சங்கங்கள் தோன்றின. போரினாற் சிதைந்த கட்டடங்கள் எழுந்தமைக்கும், நூலகங்களும் ஆய்வுகூடங்களும் புதுப்பிக்கப்பட்டமைக்கும், வறிய மாணவர் பலர் கல்வியைத் தொடர்ந்தமைக்கும் அவர்களின் கொடையும் ஒரு காரணம் என்பதை நன்றியுடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். எனினும், கொடுப்பவரின் நல்லெண்ணம் கொடையின் திசையைப் பற்றிய கேள்வியைத் தடுத்துவிடலாகாது. இந்நிதியின் பெரும்பகுதி உயர்தர விஞ்ஞான, கணித வகுப்பினரையும் பல்கலைக்கழக அனுமதி பெற்றோரையுமே நோக்கிச் செல்கின்றது. க.பொ.த. சாதாரண தரத்துடனோ உயர்தரத்துடனோ பாடசாலையை விட்டுத் தொழில் கற்கச் செல்லும் மாணவனுக்குப் பரிசில் வழங்கும் சங்கம் அரிதினும் அரிதாகவே காணப்படுகின்றது.

இஃது எத்தகைய முரண்பாடு என்பதைச் சில எண்கள் தெளிவாக்கும். அண்மைய ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழக அனுமதிக்கான குறைந்தபட்சத் தகைமையைப் பெறுவோர் நாடளாவிய ரீதியில் 170,000 அளவினர். அவர்களுள் அரச பல்கலைக்கழகங்களிற் புகுவோர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே. தகைமை பெறாதோரும், சாதாரண தரத்துடன் நின்றுவிடுவோரும் இக்கணக்கில் அடங்காதவர். ஆகவே, எமது பாடசாலைகளின் ஆறாம் வகுப்பிற் சேரும் பிள்ளைகளுட் பெரும்பான்மையினர் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் வாழ்க்கையை அமைக்கப் போகின்றனர். பல்கலைக்கழகம் புகும் சிறுபான்மையினருக்கோ கட்டணமற்ற கல்வி உண்டு. 1981 இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் உண்டு. அது கிட்டாதோர் பலருக்கு உதவுதொகை உண்டு. இவை இன்றைய வாழ்க்கைச் செலவுக்குப் போதா என்பது உண்மையே. ஆயினும், அரசின் கை ஓரளவேனும் எட்டும் இடத்துக்கே பழைய மாணவரின் கையும் நீள்கின்றது. அது நன்கு எட்டாத இடத்தில் எவர் கையும் நீள்வதில்லை. வென்றவனுக்கு மீண்டும் மாலை சூட்டும் இம்முறையைப் புலமைப்பரிசில் என்பதிலும் வெற்றிப்பரிசில் என்பதே பொருந்தும்.

இந்நிலை தற்செயலாக உருவானதன்று. அதன் வேர்கள் எமது கல்வி வரலாற்றிலும் சமுதாய அமைப்பிலும் ஆழச் சென்றுள்ளன.

1823 இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறி, ஆசியாவிலேயே குறிப்பிடத்தக்க உயர்கல்வி நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. அதனை நிறுவியோரின் நோக்கம் சமயஞ் சார்ந்ததாயிருக்க, அதனை நாடியோரின் நோக்கம் ஆங்கிலக் கல்வி வாயிலாக உத்தியோகம் பெறுதலாயிருந்தது. 1855 இல் அது மூடப்பட்டமைக்கு இம்முரண்பாடும் ஒரு காரணமாயிற்று. செமினறி மூடப்பட்டது, அது வளர்த்த நோக்கோ மூடப்படவில்லை. நீர்வளங் குறைந்த, பெருநிலங்களற்ற குடாநாட்டில் அரசாங்கச் சம்பளமும் ஓய்வூதியமும் வரண்ட நிலத்துக்கு வந்த வாய்க்காலாயின. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி நகைச்சுவைக்காகப் பிறந்ததன்று; அது ஒரு பொருளாதார நிலைமையின் சுருக்கமான வாக்குமூலம். அந்நிலைமை மாறிப் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. பட்டதாரிகள் நியமனங் கோரி வீதியில் அமர்ந்து போராடும் நாட்டில், பழமொழி மாத்திரம் பாடசாலை வாயில்களைக் காத்து நிற்கின்றது.

உத்தியோக மோகத்தைக் காட்டிலும் ஆழமான காரணம் இன்னொன்றுண்டு. அதைக் கூறப் பலர் தயங்குவர். எமது சமுதாயத்திற் கைத்தொழில்கள் நெடுங்காலமாகப் பிறப்புடன் பிணைக்கப்பட்டிருந்தன. தச்சும் கொல்லும் சலவையும் மரமேறலும் குலத்தொழில்களெனப்பட்டன. குடிமை முறையின் கீழ் ஒருவனது உழைப்பு அவனது தகைமைக்குச் சான்றாகாமல் அவனது தாழ்வுக்குச் சான்றாக்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறக்க வழிசெய்தன. கையால் உழைப்பவன் கீழானவன் என்ற எண்ணத்தின் கதவோ முழுதாகத் திறக்கப்படவில்லை. பரிசளிப்பு மேடையில் மின்னிணைப்பாளன் பெயர் வாசிக்கப்படாமைக்குக் காரணந் தேடுவோர், பாடவிதானத்தை மாத்திரம் ஆராய்ந்தாற் போதாது. இவ்வெண்ணத்தையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து எழும் வலிமையான வாதமொன்றை நேர்மையுடன் எதிர்கொள்ளல் அவசியம். சாதியாலும் வறுமையாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஏட்டுக்கல்வியே விடுதலைப் பாதையாயிருந்தது. தந்தையின் உளியையும் சுத்தியலையும் கைவிட்டுப் பேனாவைப் பிடித்தமையே அவர்களுட் பலருக்குத் தலைநிமிர்வாயிற்று. அவ்வாறிருக்க, "தொழிலுக்குப் போ, பரிசில் தருகிறோம்" என்பது, பழைய விலங்கைப் புதிய காகிதத்திற் சுற்றிக் கொடுப்பதாகாதா? வசதி படைத்தோரின் பிள்ளைகள் மருத்துவராக, வறியோரின் பிள்ளைகள் மேசன்மாராக வேண்டும் என்பதுதானே இதன் முடிவு?

இவ்வாதம் வெறும் ஐயப்பாடன்று. இலங்கையின் கல்வி வரலாறே அதற்குச் சான்று பகர்கின்றது. இலவசக் கல்விக்கு வழிவகுத்த கன்னங்கராக் குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கை, ஐந்தாம் வகுப்பின் பின் பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் யோசனையையும் கொண்டிருந்தது. செய்முறைப் பாடசாலைகள் அவற்றுள் ஒன்று. பெற்றோர் விரும்பியது முதலாம் வகையை மாத்திரமே. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களை எல்லா மாணவர்க்கும் உரியவையாக்கியது. எண்ணம் முற்போக்கானது, எனினும் வேண்டிய கருவிகளும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் பல பாடசாலைகளை எட்டவில்லை. அப்பாடங்களைக் கற்றதனாற் கிடைக்கும் மேற்படிப்போ தொழிலோ யாதென எவரும் காட்டவுமில்லை. 1977 இல் ஆட்சி மாறியதும் அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டபோது அதற்காகக் கண்ணீர் சிந்திய பெற்றோர் அரியர். மேலே செல்ல ஏணியில்லாத தொழிற்கல்வியை மக்கள் பொறியெனவே கண்டனர். அவர்கள் கண்டது பிழையன்று.

எனவே, கேள்வி தொழிற்கல்வி வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எத்தகைய நிபந்தனைகளில் அது விடுதலையாகின்றது, எத்தகைய நிபந்தனைகளில் அது விலங்காகின்றது என்பதே கேள்வி. 1972 இல் இல்லாத ஏணி இன்று ஓரளவேனும் அமைக்கப்பட்டுள்ளது என்பதை இவ்விடத்தில் நோக்குதல் தகும். 1971 இல் தேசிய பயிலுநர் சபை உருவானது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலைக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியது. பின்னர் வகுக்கப்பட்ட தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளைக் கொண்டது. நான்காம் படியை எய்தியவன் முழுத்தேர்ச்சி பெற்ற தொழில்வல்லோன். ஐந்தும் ஆறும் டிப்ளோமாத் தரத்தின. ஏழாம் படி பட்டத்துக்கு ஒப்பானது. 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் தொழிற்றொழினுட்பப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பட்டறையில் அனுபவத்தால் தொழில் கற்றவனும் தன் திறனை மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெறலாம். பிறப்பால் வந்த தொழிலைத் தேர்ச்சியால் வந்த தொழிலாக மாற்றுவது இச்சான்றிதழ். அதனை எவரது பிள்ளையும் பெறலாம் என்பதிலேதான் அதன் சமுதாயப் பெறுமதி தங்கியுள்ளது.

கிளிநொச்சியின் அறிவியல் நகர் இப்பிரச்சினையை ஒரே பார்வையிற் காட்டும் இடமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அங்கே உள்ளது. அதே நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உள்ளது. ஒன்றிலே பாலங்களை வரைபவர் உருவாகின்றனர். மற்றதிலே இயந்திரங்களைத் திருத்துவோரும் உணவு பதனிடுவோரும் கட்டடத் தொழில் வல்லோரும் உருவாகின்றனர். இருசாராரும் ஒரே வீதியில் ஒரே பேருந்தில் வந்திறங்குவர். ஒருவனுக்கு ஊர்ச் சங்கத்தின் வாழ்த்துப் பதாகை. மற்றவனுக்குப் பேருந்துக் காசுக்கே திண்டாட்டம். வரைந்தவன் மாத்திரம் இருந்து பாலம் எழுந்ததாக உலகின் எப்பகுதியிலும் வரலாறில்லை.

தொழிற்பயிற்சி பெறும் மாணவனின் செலவு யாது என்று வினவுவோர் உளர். அரச நிலையங்களிற் பல நெறிகள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ நடைபெறுகின்றன அல்லவா என்பர். கட்டணம் மிகச் சிறிய பகுதியே. தீவகத்திலிருந்தோ முல்லைத்தீவின் உட்கிராமமொன்றிலிருந்தோ வருபவனுக்குத் தங்குமிடம் வேண்டும், உணவு வேண்டும், பாதுகாப்புக் காலணியும் அளவுகோல்களும் கருவிப்பெட்டியும் வேண்டும். இவற்றைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது. பதினேழு வயதில் அவன் கட்டட வேலைக்குக் கையாளாகச் சென்றால் அன்று மாலையே கூலி கிடைக்கும். பயிற்சிக்குச் சென்றால் மாதக் கணக்கில் அக்கூலியை அவனது குடும்பம் இழக்க வேண்டும். தந்தையைப் போரில் இழந்த வீட்டிலே, தாய் கூலிக்குச் சென்று உலையேற்றும் வீட்டிலே, இவ்விழப்பைத் தாங்க இயலாது. ஆகவே, அவன் கையாளாகவே சென்று, கையாளாகவே முதுமையடைகின்றான். பத்தாண்டு அனுபவமிருந்தும் சான்றிதழின்மையால் வெளிநாட்டிலும் சாதாரண கூலியாளாகவே பதிவாகின்றான். பொருளாதாரம் சரிந்த 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். தேர்ச்சியோடு செல்பவனுக்கும் வெறுங்கையோடு செல்பவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவர்களின் குடும்பங்கள் நன்கறியும். மாணவனொருவனின் மாதச் செலவையும் இழந்த கூலியின் ஒரு பகுதியையும் ஈடுசெய்யும் பரிசில், அவனது முழு வாழ்நாளையும் திசைமாற்ற வல்லது. கல்லூரி முகப்பில் எழும் அலங்கார வளைவொன்றின் செலவோடு இதனை ஒப்புநோக்குவாராக.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்க்கு இவ்வுண்மையை விளக்கிக் கூற வேண்டியதேயில்லை. சுவிற்சர்லாந்தில் கட்டாயக் கல்வியை முடிக்கும் இளையோருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சியையே தெரிவுசெய்கின்றனர். வாரத்திற் சில நாட்கள் நிறுவனத்தில் வேலை, ஓரிரு நாட்கள் தொழிற்பாடசாலை, பயிலும் காலத்திலேயே ஊதியம், விரும்பின் பின்னர் உயர்கல்வி என்பது அந்நாட்டு முறை. 1969 ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தினால் ஜேர்மனியும் இத்தகைய இரட்டை முறையை உறுதிப்படுத்தியது. அந்நாடுகளிற் குடியேறிய தமிழரின் பிள்ளைகள் பலர் இவ்வழியே சென்று மதிப்புடன் வாழ்கின்றனர். ரொறன்ரோவிலே குழாய் வெடித்த வீட்டுக்கு வரும் தொழில்வல்லோனின் ஒரு மணிநேரப் பெறுமதி யாதென அங்குள்ள சங்க உறுப்பினர் நன்கறிவர். தம் பிள்ளைக்கு அங்கே தகுமெனக் கொண்ட பாதையைத் தம் ஊர்ப் பிள்ளைக்கு இங்கே இழிவெனக் கொள்ளுதல் எவ்வகை நியாயம்? நாட்டைவிட்டு வந்தபோது அவர்கள் பெட்டியிற் கட்டிக்கொண்டு வந்த பழைய மதிப்பீடுகளை மாத்திரம் இன்னும் அவிழ்த்துப் பார்க்கவில்லை போலும்.

பரிசில் விலங்காகாதிருக்க வேண்டுமாயின் அதன் நிபந்தனைகள் தெளிவாக இருத்தல் வேண்டும். முதலாவது, தொழிற்கல்விப் பரிசிலும் பல்கலைக்கழகப் பரிசிலும் ஒரே பெயரும் ஒரே தொகையும் ஒரே மேடையும் உடையனவாதல் வேண்டும். 'வறிய மாணவர் உதவி' என்ற தலைப்பிற் கொடுக்கப்படும் பணம் ஒரு கையாற் கொடுத்து மறுகையால் மதிப்பைப் பறிப்பதாகும். இரண்டாவது, தெரிவு மாணவனுடையதாக இருத்தல் வேண்டும். பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்றோரை ஒதுக்கித் தள்ளும் தொட்டியாக இது அமையலாகாது. நல்ல பெறுபேறு பெற்றும் தொழில் கற்க விரும்புபவன் முதல் மதிப்புக்குரியவன். மூன்றாவது, மாணவியர்க்குத் தையலும் சிகையலங்காரமும் மாத்திரமே உரியன என்ற கட்டு நீங்கல் வேண்டும். மின்னணுத் திருத்தமும் இயந்திர வரைதலும் அவர்க்கும் உரியன. நான்காவது, அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் நெறிகளுக்கே பணம் செல்ல வேண்டும். நான்காம் படியை எய்தியவன் டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் செல்ல விரும்பின் பரிசில் தொடர வேண்டும். ஐந்தாவதே தலையாயது. பட்டறையிலும் கட்டடத் தலத்திலும் உழைக்கும் முன்னாள் மாணவரைப் பழைய மாணவர் சங்கங்கள் உறுப்பினராக்கிச் செயற்குழுவில் அமர்த்துதல் வேண்டும்.

இவ்வைந்தாம் நிபந்தனையிலேதான் விடயத்தின் உயிர் உள்ளது. பழைய மாணவன் எனப்படுபவன் யார்? பாடசாலையின் இடாப்பிற் பெயர் பதிந்து, அதன் கீதத்தைப் பாடி, அதன் முற்றத்தில் விளையாடிய ஒவ்வொருவனும் பழைய மாணவனே. ஆயினும் ஆண்டுதோறும் நிகழும் ஒன்றுகூடல்களில் வைத்தியரும் கணக்காளரும் அதிபரும் அமர்ந்திருக்க, மண்டபத்துக்கு மின்னிணைப்புச் செய்தவன் அதே பாடசாலையின் பழைய மாணவனாயினும் புறத்தே நிற்கின்றான். அவனை அழைத்து அமரவைக்காத சங்கம், அவனது தம்பிக்குப் பரிசில் வழங்க ஒருநாளும் முன்வரப்போவதில்லை. அவனோ பயிலுநரைத் தன் பட்டறையில் ஏற்கவும், தகுதியானோரைத் தெரியவும், கருவிகளைத் தேர்ந்து வாங்கவும் வல்லவன். நிதி சேர்ப்பவர் வெளிநாட்டிலிருக்க, தொழிலை அறிந்தவர் உள்ளூரில் இருக்கின்றனர். இருசாராரும் ஒரு மேசையில் அமர்தலே குறை.

தொழில் கற்றவரும் நாட்டை விட்டுச் சென்றுவிடுவரே, பிறகு இம்முயற்சியால் யாது பயன் என்பாரும் உளர். மருத்துவரும் பொறியியலாளரும் செல்கின்றனர்; அதற்காக அவர்க்குரிய பரிசில்களை நிறுத்துமாறு எவரும் கேட்டிலர். புறப்பட்டுச் சென்றவர்களின் பணத்தினாலேயே இப்பரிசில்கள் வழங்கப்படுகின்றன என்பதை இக்கேள்வியை எழுப்புவோர் மறந்துவிடுகின்றனர். அன்றியும், செல்வோரிலும் தங்குவோரே பலர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போர்க்காலத்தில் இயக்கமிழந்தபோது வடக்கு இழந்தவை இயந்திரங்கள் மாத்திரமல்ல. மூத்தோரிடமிருந்து இளையோர்க்குக் கைமாறிவந்த தொழினுட்பத் தேர்ச்சியையும் அது இழந்தது. அதனை மீளக் கட்டியெழுப்பாமல் கைத்தொழில் வளர்ச்சி பற்றி மேடைகளிற் பேசுவது, அத்திவாரமின்றிக் கூரை வேய்வதாகும்.

பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் இவ்விடயத்தில் வெறும் பார்வையாளரல்லர். இன்றைய மாணவர் நாளைய பழைய மாணவர். தாம் கற்ற பாடசாலைகளின் சங்கக் கூட்டங்களில் அவர்கள் சொல்லுக்கு மதிப்புண்டு. உழைப்பின் மேன்மையைக் கவியரங்குகளிற் பாடுவோரும், வர்க்க முரண்பாடு பற்றிக் கருத்தரங்குகளில் உரையாற்றுவோரும், தம் சொந்தப் பாடசாலையின் பரிசிற் பட்டியலைத் திருத்துமாறு ஒரு தீர்மானத்தை முன்மொழிவார்களாயின் அச்சொற்களுக்கு முதன்முறையாக ஒரு செயல் துணைவரும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோரின் பெயர்கள் வாசிக்கப்பட்ட அதே மேடையில், அதே குரலில், தேசிய தொழிற்றகைமை பெற்ற மின்னிணைப்பாளன், மேசன், உலோக ஒட்டுநன் ஆகியோரின் பெயர்களும் வாசிக்கப்படல் வேண்டும். அன்றுதான் அப்பாடசாலைகள் தம் பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொண்டனவாகும்.